காக்கைக்கு என் முகம் தெரியும்

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பெரிய வேப்பமரத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே என்னைப் 'பறவை சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட வைத்தது நானேதான். போன ஆடி மாதம் அப்பாவின் வருஷ திதியன்று அந்தப் பட்டம் எங்கள் மொட்டை மாடியில் காற்றோடு போனது. அதைச் சொல்வதற்கு முன்னால் பட்டம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

இரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது, தினமும் நட என்றார் டாக்டர். நடந்தேன். ஆனால் கொழுப்புக்காக நடப்பவனுக்குத் தெருவில் ஒரு மரியாதையும் இல்லை. எதிரே வருகிறவர்கள் "சுகரா? பிரஷரா?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதனால் ஒரு பைனாகுலர் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து நான் நோயாளி இல்லை, இயற்கை ஆர்வலன்.

முதல் நாள் ஏரிக்கரையில் ஒரு சாம்பல் நாரையைக் கண்டுபிடித்தேன். ஆடாமல் அசையாமல் தண்ணீரில் நின்றது. அதன் பொறுமையைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மனிதன் கற்றுக்கொள்ள வேண்டியது எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே கிட்டே போனேன். குச்சியில் மாட்டிக்கொண்ட சிமெண்ட் சாக்கு. அன்று மாலை வீட்டில் நாரை பார்த்ததாகத்தான் சொன்னேன்.

பிறகு மெல்ல மெல்ல உண்மையான பறவைகளும் கண்ணில் படத் தொடங்கின. எங்கள் தெருக்கோடியில் வீடு கட்டாமல் கிடக்கும் காலி மனைகளில் ஆள்காட்டிக் குருவிகள் உண்டு. மனிதத் தலை தெரிந்தால் போதும், நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தி ஊரைக் கூட்டிவிடும். நான் பூனைநடை போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, புதருக்குப் பின்னால் குனிந்து போவேன். அது என்னைப் பார்த்துக் கத்துவதோடு நிற்காது. மனையின் சொந்தக்காரர் வைத்திருக்கும் காவலாளியையும் எழுப்பிவிடும். முருங்கை மரத்தடியில் தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து சருகைப் புரட்டும். எல்லாம் ஒரே நேரத்தில் பேசும், ஒன்று பேசுவதை இன்னொன்று கேட்காது. எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டமும் அப்படித்தான் நடக்கும் என்பதால் எனக்கு அவற்றின் மேல் தனிப் பிரியம். மைனா ஒன்று தினமும் என் ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடு சண்டை போட்டு, ஜெயித்த சந்தோஷத்தில் சீட்டில் எச்சம் போட்டுவிட்டுப் போகும். செம்போத்து மட்டும் மதில்மேல் ஏறி, சிவந்த கண்ணால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்கு நேரம் ஒதுக்க முடியாது என்பதுபோல் புதருக்குள் இறங்கிவிடும்.

பார்த்ததையெல்லாம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினம் காலையில் போட்டேன். படம், பெயர், குணநலன். குட் மார்னிங் பூக்களுக்கு நடுவே அது ஒரு மாறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆளாளுக்குத் தங்கள் பால்கனியில் எடுத்த படத்தை அனுப்பி "இது என்ன பறவை சார்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்ட கையோடு பதில் போய்விடும். ஒருவர் அனுப்பிய படத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று இருந்தது. அது கரிச்சானா, அவர் கட்டைவிரலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 'இளம் கரிச்சான்' என்று பதில் போட்டேன். இந்த 'இளம்' என் சொந்தக் கண்டுபிடிப்பு. புத்தகத்தில் இருக்கும் படத்தோடு பறவை ஒத்துப்போகாவிட்டால் முன்னால் ஓர் 'இளம்' சேர்த்துவிடுவேன். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

இதற்கிடையில்தான் அப்பா போனார். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். கொஞ்சம் நினைவு வந்தபோது அம்மாவிடம் "ஒரு வாய் ரசம் சாதம் குடு" என்று கேட்டிருக்கிறார். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அம்மாவும் கொடுக்கவில்லை. மறுநாள் அவர் இல்லை. அதற்குப் பிறகு அம்மா என்ன சமைத்தாலும், யார் சாப்பிட்டாலும், ஒரு நேரம் இல்லாவிட்டால் ஒரு நேரம் அந்த வார்த்தை வந்துவிடும்: "பசியோட போயிட்டாரு."

அதனால் அமாவாசை தவறாமல் மொட்டை மாடியில் காக்கைக்குச் சோறு வைத்தோம். வைப்பது நான். இலையைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் காக்கைகள் வந்துவிடும். அம்மா கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று, அவை கொத்தித் தின்பதைக் கடைசிப் பருக்கை வரை பார்ப்பாள். பிறகுதான் கீழே வந்து சாப்பிடுவாள். அன்று மட்டும் அந்த வார்த்தை வராது.

வெயில் காலம் முடிகிற சமயத்தில் அம்மா கீழ்க்கட்டளையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனாள். அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சர்ச்சுக்குக் கிளம்பும் நேரமும் நான் பைனாகுலரோடு இறங்கும் நேரமும் ஒன்று. அன்று அவர் வேப்பமரத்தடியில் குனிந்து நின்றார்.

"சார், நல்லவேளை வந்தீங்க. நீங்கதான் பறவை எல்லாம் தெரிஞ்சவராச்சே. இது என்ன குஞ்சு?"

மரத்தடியில் ஒரு கறுப்புக் குஞ்சு. வால் முளைக்கவில்லை. வாயைப் பிளந்து சிவப்பாகக் காட்டியது. மேலே கிளையில் காக்கைக் கூடு. கூட்டைச் சுற்றிக் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. கோடை முழுக்க அதே மரத்தில் குயில் கூவியதை நான் கேட்டிருந்தேன். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பது எனக்கு மட்டுமில்லை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது.

"குயில் குஞ்சு மேடம். காக்கா கண்டுபிடிச்சிட்டு கீழ தள்ளிருக்கு."

"பார்த்தா காக்கா மாதிரியே இருக்கே சார்?"

"அதுதான் மேடம் குயிலோட தந்திரம்!"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். கணக்கு எங்கேயோ உதைக்கிறது என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் பைனாகுலர் என் கழுத்தில் இருந்தது, அவர் கையில் பைபிள்தான் இருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் குஞ்சை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, தலையை நிமிர்த்தி, அத்தனை காக்கைகளும் பார்க்க வாசலைக் கடந்து மாடி ஏறினேன். அவை என் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தின. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பால்கனியில் அட்டைப்பெட்டி, அதில் பழைய துண்டு. குழுவில் அறிவிப்பு: 'காக்கையிடமிருந்து மீட்கப்பட்ட குயில்.' கைதட்டல்கள் குவிந்தன. குடியிருப்பில் பாதிப்பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எப்போது கூவும் என்று கேட்டவர்களிடம், இளம் குயில், கொஞ்சம் நாளாகும் என்றேன். குஞ்சுக்குத் தன் இனத்தின் நினைவு மறந்துவிடக் கூடாது என்று செல்போனில் குயில் கூவும் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். அது என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தது. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அது குயில்தானா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அடுத்த இரண்டொரு நாளில் டீச்சர் வந்திருந்தபோது, மூன்றாவது மாடிக்காரரும் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளும் சூழ்ந்து நின்றபோது, குஞ்சு பெட்டியின் விளிம்பில் ஏறி நின்றது. கழுத்தை நீட்டியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"கா" என்றது.

இன்னொரு தடவை, சந்தேகமே வேண்டாம் என்பதுபோல, "கா, கா."

"சார், உங்க குயிலுக்குத் தொண்டை கட்டிருக்கு போல" என்றார் டீச்சர்.

குஞ்சை எடுத்துப்போய் மரத்தடி மதில்மேல் விட்டேன். தாயும் தகப்பனும் வந்து அதைப் பார்த்துக்கொண்டன. கொஞ்ச நாளில் அது பறந்தும்விட்டது. அதுவரையில் எனக்கு நிம்மதி. ஆனால் காக்கைகள் கணக்கை முடிக்கவில்லை. குஞ்சை விட்ட மறுநாள் காலையே, கேட்டைத் தாண்டியதும் பின்மண்டையில் 'ணங்'கென்று ஓர் அடி. திரும்பினால் இன்னொன்று. தெருமுனை மருந்துக்கடை வரை விடாமல் துரத்தின. அதற்கப்பால் வரவில்லை, அது அவற்றின் எல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் ஆயிரம் காக்கைகள் இருக்கின்றன, ஒன்றுகூட என்னைச் சட்டை செய்ததில்லை. எங்கள் தெருக் காக்கைகளுக்கு மட்டும் என் முகம் தெரியும். நான் தொப்பி போட்டேன், குடை பிடித்தேன், மனைவியின் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு போனேன். டீச்சரை, பால்காரரை, பள்ளிப் பிள்ளைகளை எல்லாம் விட்டுவிட்டுச் சரியாக என்னை மட்டும் அடித்தன. கடைசியில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

கேம்ப் ரோட்டில் இளநீர் வெட்டுகிறவர் கேட்டார்: "இன்னா சார், வண்டி எங்க? ஹெல்மெட்டு மட்டும் போட்டுகினு நடந்து வர்றே?"

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன்" என்றேன். தினமும் கேட்டார். தினமும் வண்டி சர்வீஸில்தான் இருந்தது.

அடுத்து வந்த அமாவாசைக்கு எனக்கு ஜுரம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். மனைவி சோறு வைத்தாள். காக்கைகள் சாதுவாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போயின. "உங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வந்தாங்க" என்று மட்டும் சொன்னாள்.

திதிக்குச் சில நாள் முன்னால் அம்மா கீழ்க்கட்டளையிலிருந்து திரும்பி வந்தாள். குப்பை போடக்கூட நான் ஹெல்மெட்டோடு போவதைப் பார்த்து, "இது எதுக்குடா?" என்றாள். "இப்பல்லாம் ரூல் ரொம்ப ஸ்ட்ரிக்ட்மா" என்றேன். பாவம், நம்பிவிட்டாள். மனைவியிடம் தனியாகப் போய், அம்மாவுக்கு விஷயம் தெரிய வேண்டாம், திதியன்றும் நீயே சோறு வைத்துவிடு என்று கெஞ்சினேன். அவளுக்கு ஆட்சேபம் இல்லை. அம்மாவுக்கு இருந்தது.

"அமாவாசைக்கு யார் வச்சாலும் சரி. வருஷ திதிக்குப் புள்ள கையாலதான் வைக்கணும். அவர் உன் கையாலதான் எதிர்பார்ப்பார்."

திதியன்று காலையில் ஐயர் வந்து தர்ப்பணம் செய்துவைத்துவிட்டுப் போனார். அப்பா படத்துக்கு முன்னால் படையல் போட்டோம். அம்மா விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையும் போடவில்லை, காக்கை எடுத்த பிறகுதான் எல்லாம் என்றுவிட்டாள். நறுக்கிய வாழையிலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து வைத்தாள். சேப்பங்கிழங்கு வறுவல், வடை, பாயசம். நடுவில், நன்றாகக் குழைய விட்டு, ரசம் சாதம். அதை மட்டும் இரண்டு கை அதிகமாக வைத்தாள்.

அப்பாவுக்குப் படைக்கப் போகும்போது ஹெல்மெட் போட முடியாது. நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். காக்கைகள் என்னைப் பேண்ட் சட்டையில்தான் பார்த்திருக்கின்றன. வேட்டி, வெற்று மார்பு, நெற்றி நிறைய விபூதி. மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டேன். என் மனைவிக்கே சட்டென்று அடையாளம் தெரியாது என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. கண்ணாடி இல்லாததால் மாடிப்படியில் இரண்டு தடவை தடுக்கினேன். பின்னால் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி வந்தாள்.

மொட்டை மாடிக் கதவைத் திறந்து ஓர் அடி வைத்தேன். அவ்வளவுதான். வேப்பமரமே கத்தியது. தண்ணீர்த் தொட்டி மேல், ஆண்டெனா மேல், கைப்பிடிச் சுவர் மேல் என்று எல்லா இடத்திலும் காக்கை. ஒன்று வந்து என் உச்சந்தலையில் அடித்துவிட்டுப் போனது. இலையை வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் சத்தம் இரண்டு மடங்கானது. ஒன்றுகூட இலைப் பக்கம் இறங்கவில்லை.

அம்மா கைகூப்பியபடி நின்றாள். முதலில் அவளும் "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். நேரம் போகப் போக அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. வெயில் ஏறியது. ரசம் சாதம் காய்ந்து இலையில் ஒட்ட ஆரம்பித்தது. அம்மா கூப்பிய கையை இறக்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வது கண்ணாடி இல்லாத கண்ணுக்கே தெரிந்தது.

"நீ கீழ போய்ச் சாப்பிடும்மா. அப்புறமா வந்து பார்க்கலாம்."

"அவர் சாப்பிடாம நான் எப்படிடா சாப்பிடறது?" என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "அன்னிக்கு வாய் விட்டுக் கேட்டார். நான் குடுக்கல. அந்தக் கோவம் இன்னும் போகல. அதான் வரமாட்டேங்கிறார்" என்றாள்.

ஒரு வருஷமாக அவள் இதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறாள், நான் பக்கத்தில் நின்று விபூதியால் மாறுவேஷம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அம்மா, கோவம் அப்பாவுக்கு இல்ல. காக்காவுக்கு. என் மேல."

எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தடிக் குஞ்சு, குயில் என்று அளந்தது, அட்டைப்பெட்டி, செல்போனில் கூவ விட்டது, ஹெல்மெட். காக்கைகள் நடு நடுவே வந்து என் தலையில் தட்டி நான் சொல்வது உண்மைதான் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. அம்மா வாயைத் திறந்தபடி கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"நீ போய்க் கதவுக்குப் பின்னாடி நில்லு" என்றாள். "தலையக் காட்டாத."

படிக்கட்டுக்கு வந்து இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே இருட்டு. வெளியே கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது. தொட்டி மூடியின் மேல் நகங்கள் நடக்கும் ஓசை. பிறகு அதுவும் இல்லை. கதவிடுக்கு வழியாக அம்மாவின் குரல் மட்டும் வந்தது. யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"வாங்க. ரசம் சாதம்தாங்க, அன்னிக்குக் கேட்டீங்களே. பையன் மேல கோவம் வேணாம். காக்கா குஞ்சப் பார்த்துக் குயில் குஞ்சுன்னுட்டானாம். உங்க புள்ளதானே? தெரியாதுன்னு ஒரு வார்த்தை அவனுக்கு வாயில வராது. தாம்பரம் வந்த புதுசுல யார்கிட்டயும் வழி கேக்க மாட்டேன்னு என்னை இரும்புலியூர் பூரா சுத்த விட்டீங்களே, அந்த மாதிரிதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நெஞ்சு வலிய வாயுன்னு நீங்களே முடிவு பண்ணி, பெருங்காயத் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தீங்களே. டாக்டர்கிட்ட போலாம்னு எத்தன வாட்டி சொன்னேன்? எனக்குத் தெரியாதாடின்னு கேட்டீங்க. எல்லாம் தெரிஞ்சவர் இப்ப எங்க போயிட்டீங்க?"

பொத்திய கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இரவு பக்கத்து அறையில்தான் நானும் இருந்தேன். அப்பா வாயு என்று சொன்னபோது, ஆமாம், வாயுவாகத்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன். அதை அம்மா காக்கையிடம் சொல்லவில்லை.

"போகட்டும். இவனுக்காவது அந்தப் புத்தி வராமப் பார்த்துக்குங்க. சாப்பிடுங்க."

அதன் பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. கதவில் வாயை வைத்து, "வந்துச்சாம்மா?" என்றேன்.

"உஸ்" என்றாள் அம்மா. "சத்தம் போடாத. அப்பா சாப்பிடறார்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.